தொண்ணூறு மூட்டை

சேலம்,
ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்பிள்ளை,

பொங்கலுக்குப் பிறகு உனக்கு ஒரு வரி எழுதவில்லை. திட்டுவதைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் இதைப் படி. அம்மா நலம். உன் அக்கா வீட்டுக்கு மல்கோவா கொடுத்தாயிற்று. கூடையைத்தான் இன்னும் திருப்பித் தரவில்லை.

போன வாரம் என் மானம் லாரி ஏறிப் போயிருக்கும். ஆத்தூர் சாலை ஜவ்வரிசி ஆலைக்கு நான் எழுதிக் கொடுத்த மென்பொருளை, சொன்னதைப் புரிந்துகொண்டு தானே வேலையை முடிக்கும் ஒரு ஏஐ ஏஜென்டோடு இணைத்தேன். முதலாளி சொல்லச் சொல்ல அது ஆர்டர் போட வேண்டும். "செவ்வாய்ப்பேட்டைக் கடைக்கு 90 கிலோ போடு" என்றார். நம் ஊரில் 90 கிலோ என்றால் ஒரு மூட்டை என்பது குழந்தைக்கும் தெரியும். ஏஜென்ட் 90 என்று நிரப்பியது. என் நிரலோ மூட்டைக் கணக்கு. எட்டு டன்னுக்கு மேல் ஜவ்வரிசி! லோடு ஏற்றும் பெரியவர் சந்தேகப்பட்டு போன் செய்தார்: "அந்தக் கடையில் இவ்வளவை எங்கே வைப்பார்கள், தம்பி?"

முதலில் ஏஜென்டைத்தான் திட்டினேன். பிறகு நான் அதற்கு என்ன எழுதிக் கொடுத்திருந்தேன் என்று பார்த்தேன். உள்ளீட்டின் பெயர் 'குவாண்டிட்டி'. எதிரே என் விளக்கம்: 'அளவு'. பதவுரையை எழுதிவிட்டு விளக்கவுரை என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஏஐயை வெளி மென்பொருளோடு இணைக்க ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் என்ற பொது நெறிமுறை வழியாகத்தான் இணைத்தேன். அதில் ஏஜென்ட் கூப்பிடக்கூடிய ஒவ்வொரு வேலைக்கும் 'கருவி' என்று பெயர். கருவியின் பெயர், அதன் விளக்கம், என்னென்ன உள்ளீடு என்று சொல்லும் ஜேசன் ஸ்கீமா: ஏஜென்ட் பார்ப்பது இவ்வளவுதான். உள்ளே நான் ராத்திரி பகலாகக் கட்டிய நிரல் அதன் கண்ணில் படவே படாது. கடைக்குத் தினமும் புதிதாக வந்து சேரும் வேலையாள் அது. நேற்றுச் சொன்னது இன்று நினைவில் இருக்காது.

இப்போது பெயரே 'மூட்டை எண்ணிக்கை'. கீழே: "முழு எண். ஒரு மூட்டை 90 கிலோ. கிலோவில் கேட்டால் 90ஆல் வகு. மீதி வந்தால் ஆர்டர் போடாமல் கேள்." தேதிக்கும் இதே கதை. 03/04 என்பது மார்ச்சா ஏப்ரலா? ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசைதான் என்று உதாரணத்தோடு எழுதிவிட்டேன். முன்பு இருப்பு போதாவிட்டால் 'பிழை' என்ற ஒரே சொல் திரும்பும். ஏஜென்ட் பாவம், அதே ஆர்டரை மூன்று முறை அனுப்பும். இப்போது "இருப்பு 40 மூட்டை மட்டுமே, குறைத்து அனுப்பலாமா என்று கேள்" என்று திரும்புகிறது. கேட்கிறது, மாப்பிள்ளை! அவ்வளவு பணிவு நம் இருவருக்கும் என்றைக்கும் இருந்ததில்லை.

பிறகு என் புத்தி தெரியுமே. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பக்கம் எழுதித் தள்ளினேன். அத்தனையும் ஒவ்வொரு முறையும் ஏஜென்டின் மூளையான மாடலுக்குள் போகிறது; செலவு ஏறியது, வேகம் குறைந்தது. ஆலையில் புதிதாகக் கணக்குக்குச் சேர்ந்த பெண்ணிடம் காகிதத்தைக் கொடுத்து, எந்த வேலைக்கு எந்தக் கருவி என்று கேட்டேன். "ஆர்டரை ரத்து செய்வதும் சரக்கைத் திருப்பி எடுப்பதும் ஒன்றுதானே, சார்?" என்றாள். ஒன்றில்லை. ஆனால் ஒன்றில்லை என்று நான் எங்குமே சொல்லவில்லை. ரத்துக் கருவியில் 'லாரி கிளம்பிவிட்டால் இதைப் பயன்படுத்தாதே' என்று ஒரு வரி சேர்த்து, பத்து வரி வெட்டினேன்.

இதற்கெல்லாம் நடுவே கணக்குப்பிள்ளை ஐயாவைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். தை மாதம் போய்விட்டார். உனக்கு யாராவது சொன்னார்களா? யார் 'அரை லோடு' என்றால் எத்தனை மூட்டை என்பது அவர் தலைக்குள் மட்டும் இருந்தது. ஆள் போன பிறகுதான் பேரேட்டில் ஒன்றுமே இல்லை என்பது முதலாளிக்குத் தெரிந்தது. நான் பத்து வருடம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தேன். ஒரு நாளாவது கேட்டு எழுதிக்கொண்டேனா?

சரி, உன் வழக்குக்கு வருகிறேன். சிங்கப்பூர் கிளம்பும் அவசரத்தில் நீ எழுதிவிட்டுப் போன ஃபங்ஷன் ஒன்று இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. மரவள்ளிக் கிழங்கின் பாயிண்ட், அதாவது மாவுச்சத்து அளவு, 24க்குக் கீழே போனால் மட்டும் எடையில் ஏதோ கழிக்கிறது. மேலே உன் ஒரே குறிப்பு: 'இதைத் தொடாதே'. நானும் தொடவில்லை. நேற்று அதற்கு விளக்கம் எழுத உட்கார்ந்தேன், ஒரு மணி நேரம் வெறித்துப் பார்த்தேன், எழுந்துவிட்டேன். எதைக் கழிக்கிறாய், ஏன் 24? இரண்டு வரி எழுதி அனுப்பு. பதவுரை வேண்டாம்.

இப்படிக்கு,
குண்டு