பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று கேட்டால்

அன்புள்ள மாணிக்கம்,

உன் கடிதம் கிடைத்தது. சரோஜாவுக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. பார்வை தெளிந்ததும் சொட்டு மருந்தைப் பாதியில் விட்டுவிடுவார்கள்; நீதான் கவனித்துக்கொள்ள வேண்டும்.

உன் தம்பி மகன் விஷயம். டல்லாஸிலிருந்து கிளம்பும்போதெல்லாம் போர்டிங் பாஸில் நான்கு 'எஸ்' அச்சாகிறது, செல்போனில் செக்-இன் ஆவதில்லை, பையைக் கவிழ்த்துப் பார்க்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். பெயர் ஏதோ பட்டியலில் ஏறிவிட்டதோ என்று பயப்படுகிறாய். பெரும்பாலும் அப்படி இருக்காது. அந்த நான்கு எஸ்ஸுக்குக் கூடுதல் சோதனை என்பதுதான் பொருள். 'செலக்டீ' பட்டியலில், அதாவது பறக்க விட்டாலும் கூடுதலாகச் சோதிக்க வேண்டியவர்கள் பட்டியலில், உள்ளவருக்கு அது வரும். அந்தப் பட்டியலில் உள்ள வேறு ஒருவரோடு பெயரும் பிறந்த தேதியும் ஒத்துப்போனால் வரும். போகும் பாதையைப் பார்த்துக் கணினி எழுப்பும் விதியாலும் வரும். காரணமே இல்லாமல் குலுக்கலிலும் வரும். ஒருவரைக் கூடுதல் சோதனைக்குத் தள்ளக் குறைந்தது 22 வழிகள் இருப்பதாக அமெரிக்க செனட் குழுவின் 2023 டிசம்பர் அறிக்கையே சொல்கிறது. விமானத்தில் ஏறவே விடவில்லை என்றால்தான் 'நோ ஃப்ளை' பட்டியலைப் பற்றி யோசிக்க வேண்டும்.

அவன் செய்ய வேண்டியது 'ட்ரிப்' என்ற குறைதீர்ப்பு விண்ணப்பம். 2007 முதல் அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை நடத்துகிறது. இணையத்திலேயே போடலாம், கட்டணம் இல்லை. காலாவதியாகாத பாஸ்போர்ட்டின் நகல், எந்தத் தேதியில் எந்த விமானத்தில் என்ன நடந்தது என்ற விவரம், இரண்டும் போதும். விவரத்தில் கோபத்தைக் கொட்ட வேண்டாம். விமான எண்ணும் நேரமும் பத்துவரி புலம்பலைவிட உதவும். விண்ணப்பித்ததும் 'ரெட்ரஸ் நம்பர்' என்று ஏழு இலக்க எண் ஒன்று வரும். விசாரணை முடிந்து கடிதம் வந்தபின், டிக்கெட் எடுக்கும்போதே அதற்குரிய கட்டத்தில் அந்த எண்ணைப் போட வேண்டும். பலர் பக்கத்தில் இருக்கும் 'நோன் டிராவலர்' கட்டத்தில் போட்டுவிட்டு எண் வேலை செய்யவில்லை என்கிறார்கள். அது முன்கூட்டியே சோதனை முடித்தவர்களுக்கான வேறு எண். விமான நிறுவனங்கள் பயணிகளின் விவரத்தைப் புறப்பாட்டுக்கு 72 மணி நேரத்துக்கு முன்பே டி.எஸ்.ஏ. என்ற அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்புக்கு அனுப்பத் தொடங்கிவிடும். ஆகவே விமான நிலையத்துக்குப் போனபின் சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைக்கக் கூடாது. குலுக்கலிலும் பயண விதியிலும் சிக்கியவருக்கு இந்த எண்ணால் பயன் இல்லை. பெயர்க் குழப்பத்துக்குத்தான் இது மருந்து.

பெயர்க் குழப்பம் நம் ஆட்களுக்கு எளிதில் வரும். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருந்தால் அமெரிக்க விசாவில் முதல் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யு.' என்று அடித்துவிடுவார்கள். முதல் பெயர் தெரியாது என்று அர்த்தம். டிக்கெட்டில் ஒருமுறை அந்த மூன்றெழுத்து, ஒருமுறை அப்பா பெயர், ஒருமுறை தன் பெயரையே இரண்டு தடவை என்று மாற்றி மாற்றிப் போட்டால், கணினிக்கு அவன் மூன்று ஆள். பெயர், பிறந்த தேதி, பாலினம் மூன்றையும் வைத்துத்தான் ஒப்பிடுகிறார்கள். அடையாள அட்டையில் உள்ளபடியே, எல்லாத் தடவையும் ஒரே மாதிரி இருக்கட்டும். தேதியில் நமக்கு நாள் முன்னால், அவர்களுக்கு மாதம் முன்னால் என்பதையும் நினைவுபடுத்து. விமான நிறுவனங்களே பெயரை ஒப்பிட்டுக்கொண்டிருந்த காலத்தில், 2004இல், செனட்டர் எட்வர்ட் கென்னடியையே கவுன்டரில் நிறுத்தி வைத்தார்கள். 'டி. கென்னடி' என்ற மாற்றுப்பெயர் பட்டியலில் இருந்ததாம். அவ்வளவு பெரிய மனிதருக்கே அதைச் சரிசெய்ய வாரக்கணக்கில் ஆயிற்று. 2010க்குள் ஒப்பிடும் வேலை முழுவதையும் டி.எஸ்.ஏ. எடுத்துக்கொண்டபின் இந்த வகைத் தொல்லை நிறையக் குறைந்தது.

நீ கேட்ட அடுத்த கேள்விதான் கனமானது: "தப்பு செய்யாதவன் எதற்குப் பயப்பட வேண்டும்?" பட்டியல் தப்பு செய்தவர்களுக்கானது அல்ல, மாணிக்கம். செய்யக்கூடும் என்று யாரோ கணித்தவர்களுக்கானது. ஓர் அமைப்பு ஒருவர் பெயரை முன்மொழியும், எஃப்.பி.ஐ.யின் கீழ் 2003இல் பயங்கரவாதிகள் சோதனை மையம் என்ற பெயரில் தொடங்கிய அமைப்பு அதை ஏற்கும். 'நியாயமான சந்தேகம்' இருந்தால் போதும். 2014இல் வெளியே கசிந்த 166 பக்க உள்வழிகாட்டி, மறுக்கமுடியாத ஆதாரமோ திட்டவட்டமான உண்மைகளோ தேவையில்லை என்று வெளிப்படையாகவே சொன்னது. 2001 செப்டம்பர் 11 அன்று விமானத்தில் ஏறத் தடையுள்ளவர்கள் இருபது பேர்கூட இல்லை. 2017 ஜூன் நிலவரப்படி மொத்தக் கண்காணிப்புப் பட்டியலில் ஏறக்குறைய 12 லட்சம் பேர். அதில் அமெரிக்கக் குடிமக்களும் கிரீன் கார்டுக்காரர்களும் சுமார் 4,600. 'நோ ஃப்ளை' இதற்குள் ஒரு சிறு பகுதி.

தவறு எப்படி நுழைகிறது, எப்படித் தங்கிவிடுகிறது என்பதற்கு ரஹீனா இப்ராஹிம் வழக்கைப் படி. மலேசியர், ஸ்டான்ஃபோர்டில் முனைவர் பட்ட மாணவி. 2005 ஜனவரி 2 அன்று சான் ஃபிரான்சிஸ்கோ விமான நிலையத்துக்குச் சக்கர நாற்காலியில் வந்தவரைக் கைவிலங்கிட்டுக் கொண்டுபோனார்கள். மறுநாள் பறக்க விட்டார்கள். அந்த மாதமே விசாவை ரத்து செய்தார்கள். மூலகாரணம் ஒரு படிவம். 'இந்தப் பட்டியல்களில் சேர்க்க வேண்டாம்' என்று எதிர்மறையாகக் கேட்ட படிவம் அது. எஃப்.பி.ஐ. அதிகாரி 2004 நவம்பரில் கட்டங்களைத் தலைகீழாகக் குறித்துவிட்டார். அப்படிச் செய்ததே அவருக்கு 2013இல் சாட்சியம் கொடுக்கும்போதுதான் தெரிந்தது! அதுவரை அரசு வழக்கறிஞர்கள் நாட்டு ரகசியம் என்று சொல்லி ஒவ்வொரு கேள்வியையும் அடைத்துக்கொண்டிருந்தார்கள். தன் வழக்கு விசாரணைக்கே ரஹீனாவால் அமெரிக்காவுக்கு வர முடியவில்லை. சாட்சி சொல்லக் கிளம்பிய மகள் அமெரிக்கக் குடிமகள். அவரையும் விமானத்தில் ஏற்றவில்லை. 2014 ஜனவரியில் நீதிபதி வில்லியம் அல்சப் ரஹீனா பக்கம் தீர்ப்பளித்தார். படிவத்தில் தவறு செய்தவரை நான் பெரிதாகக் குறை சொல்லமாட்டேன். அப்படி ஒரு படிவத்தை யார் நிரப்பினாலும் ஒருநாள் தவறும். ஒன்பது வருடம் யாரும் திரும்பிப் பார்க்காத ஏற்பாடுதான் எனக்கு உறுத்துகிறது.

இதைவிட நுட்பமான இன்னொன்று உண்டு. வழக்கு சூடுபிடிக்கும்போது அரசு பெயரை நீக்கிவிடும். பிறகு "இப்போது பிரச்சினையே இல்லையே" என்று நீதிபதியிடம் போய் நிற்கும். உளவு சொல்ல மறுத்ததால் எங்களைப் பட்டியலில் போட்டார்கள் என்று முகமது தன்வீரும் வேறு சிலரும் நியூயார்க்கில் வழக்குப் போட்டார்கள். 2015இல் விசாரணைக்குச் சில நாட்கள் இருக்கையில், நீங்கள் பறக்கலாம் என்று கடிதம் வந்தது. அவர்கள் விடவில்லை. மத உரிமைச் சட்டத்தின்கீழ் அதிகாரிகளிடம் நேரடியாக நஷ்டஈடு கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் சொன்னது. ஆனால் கீழ் நீதிமன்றங்கள் அதிகாரிகளுக்கான சட்டப் பாதுகாப்பைக் காட்டிப் பணத்தைக் கொடுக்கவில்லை. யோனாஸ் ஃபிக்ரே வழக்கிலும் இதே உத்தி: 2016இல் பெயரை எடுத்துவிட்டு, இப்போதுள்ள தகவலை வைத்து மறுபடி சேர்க்கமாட்டோம் என்று ஓர் அதிகாரி எழுதிக்கொடுத்தார். அது போதாது, ஃபிக்ரே அதே காரியங்களை மறுபடி செய்தால் சேர்ப்பீர்களா மாட்டீர்களா என்பதற்கு இதில் பதில் இல்லை என்று 2024 மார்ச் 19 அன்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. இந்த விவகாரத்தில் எனக்கு மிகப் பிடித்த தீர்ப்பு இதுதான். வழக்கு செத்துப்போகவில்லை என்று மட்டுமே அது சொன்னது. பட்டியல் சரியா தவறா என்ற கேள்வியைத் தொடவில்லை.

உன் தம்பி மகனுக்குக் கிரீன் கார்டு இருப்பது இங்கேதான் முக்கியமாகிறது. ஓரிகானில் பதின்மூன்று பேர் போட்ட லத்தீஃப் வழக்கில், காரணம் சொல்லாமல் விமானத்தில் ஏறவிடாமல் தடுப்பது அரசியல் சட்டத்துக்கு முரண் என்று நீதிபதி அன்னா பிரவுன் 2014 ஜூனில் தீர்ப்பளித்தார். அக்டோபரில் பார்த்தால் ஏழு பேர் பட்டியலிலேயே இல்லை! அந்தத் தீர்ப்புக்குப் பின் 2015இல் முறையை மாற்றினார்கள். குடிமகனையோ கிரீன் கார்டுக்காரரையோ ஏறவிடாமல் தடுத்து, அவர் ட்ரிப் விண்ணப்பம் போட்டால், 'நோ ஃப்ளை' பட்டியலில் இருக்கிறாரா என்று சொல்வார்கள். மேலும் கேட்டால் எந்த விதியின்கீழ் சேர்த்தார்கள் என்பதும், முடிந்தால் ரகசியமல்லாத சுருக்கமும் வரும். அந்த 'முடிந்தால்' என்ற சொல்லில்தான் பல பேர் மாட்டிக்கொள்கிறார்கள். இறுதி உத்தரவை டி.எஸ்.ஏ. தலைவர் போடுவார், அதை எதிர்க்க நேரே மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு 60 நாளில் போக வேண்டும். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும் கட்டமே கிடையாது. எச்-1பி விசாக்காரருக்கு இவ்வளவுகூட இல்லை. 'செலக்டீ' பட்டியலைப் பற்றி யாருக்கும் பதில் சொல்லமாட்டார்கள்.

பட்டியலே வேண்டாம் என்று நீ எழுதியிருப்பதை நான் ஏற்கவில்லை. 2009 கிறிஸ்துமஸ் அன்று உள்ளாடையில் வெடிமருந்தோடு டெட்ராய்ட் விமானத்தில் ஏறிய உமர் ஃபாரூக் அப்துல்முத்தல்லபைப் பற்றி அவருடைய தந்தையே அமெரிக்கத் தூதரகத்தில் எச்சரித்திருந்தார். மூலத் தகவல் தொகுப்பில் பெயரும் இருந்தது. தடைப் பட்டியலுக்குத்தான் வரவில்லை. அதன்பின் வாசலை அகலமாகத் திறந்தார்கள். வெளியே வரும் வாசலை அந்த அளவுக்கு யாரும் அகலப்படுத்தவில்லை. பட்டியல் இருக்கட்டும், சேர்த்தவர் யார், எதன் பேரில் என்று பாதுகாப்பு அனுமதி உள்ள ஒரு வழக்கறிஞரையாவது நீதிபதி முன்னால் கேட்க விடலாம் என்பது என் கட்சி.

தம்பி மகனிடம் பழைய போர்டிங் பாஸ்களைத் தூக்கி எறியாமல் வைத்திருக்கச் சொல். ட்ரிப் கடிதம் வந்ததும் ஒரு நகல் அனுப்பு. அதில் இருப்பது மழுப்பலாகத்தான் இருக்கும், இருந்தாலும் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
ராகவன்