நுங்கு வண்டி ஏன் நொண்டுகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் நாளிதழின் கோடை விடுமுறைப் பக்கத்தில் நுங்கு வண்டி செய்முறை நான்கே வரியில் வந்திருந்தது. சக்கரத்துக்கு இரண்டு கூந்தல் (நுங்கை எடுத்தபின் மிஞ்சும் பனங்காய்க் கூடு), அச்சுக்கு ஒரு குச்சி, தள்ள ஒரு கவைக்கம்பு (முனை இரண்டாகப் பிரிந்த கம்பு), அவ்வளவுதான். அதை மட்டும் படித்துச் செய்யும் பிள்ளையின் வண்டி தெருமுனையைத் தாண்டாது.

கூந்தல் பொறுக்குவதிலேயே பாதி வேலை இருக்கிறது. மூன்று கண் காயாகப் பார்த்து எடுக்க வேண்டும். மூன்று குழிகளுக்கும் நடுவே நார் கெட்டியாகச் சேரும் இடத்தில்தான் அச்சு இறங்க வேண்டும். இரண்டு கண் காயில் அந்த இடம் வெறும் சுவர். குச்சி இறங்கியதும் பிளந்துவிடும். இரண்டு கூந்தலும் ஒரே பருமனில் இருக்கட்டும். ஒன்று சிறுத்தால் வண்டி அந்தப் பக்கமே வளைந்து ஓடும்; கம்பை எப்படித் திருப்பினாலும் நேராகாது. துளை நடுவை விட்டு அரை அங்குலம் விலகினாலே நொண்டத் தொடங்கும்.

அச்சுக்குச் சுண்டுவிரல் பருமனில் முக்கால் அடி வேப்பங்குச்சி போதும். முருங்கை வேண்டாம், ஒடியும். முனையைச் சீவித் திருகித் திருகி இறக்க வேண்டும். கல்லால் அடித்தால் கூந்தல் வெடிக்கும். குச்சி உள்ளே இறுகி நிற்பது முக்கியம். மாட்டு வண்டியில் அச்சு அசையாது, சக்கரம்தான் சுற்றும். இதில் ரயில் பெட்டியைப் போல இரண்டும் சேர்ந்தே சுற்றுகின்றன. முடுக்கில் திருப்பும்போது ஒரு சக்கரம் இழுபடுவது அதனால்தான். லேசாகத் தூக்கித் திருப்பப் பிள்ளைகள் தாமாகவே பழகிவிடுவார்கள்.

கவைக்கம்பு பிள்ளையின் நெஞ்சு உயரம் இருக்க வேண்டும்; குட்டையானால் குனிந்தே ஓட நேரும். கவை பக்கவாட்டில் நகர்ந்து கூந்தலை உரசாமலிருக்க, அச்சில் அதன் இருபுறமும் பழைய சைக்கிள் டியூப் வாரை நான்கு சுற்றுச் சுற்றலாம். கவையின் வாய்க்குக் குறுக்கே கயிறு கட்டினால் மேடுபள்ளத்தில் அச்சு நழுவாது. உரசும் இடத்தில் இரண்டு சொட்டு விளக்கெண்ணெய் விடலாம்.

இரண்டு மூன்று நாளில் கூந்தல் காய்ந்து துளை தளரும். பனைமட்டைச் சீவலை ஆப்பாகச் செருகினால் இன்னும் ஒரு நாள் ஓடும். பிறகு புதுக் கூந்தல்தான். நுங்குப் பருவம் முடிந்தபின் தேய்ந்த ரப்பர் செருப்பில் வட்டம் வெட்டிச் சக்கரமாக்கலாம். மையமும் சம அளவும் அங்கேயும் இதே கண்டிப்புதான்.

செய்முறையோடு வந்த படத்தில் சிறுவன் கையில் அரிவாள் இருக்கிறது. சீவுவதை நுங்கு விற்பவரிடமே விட்டுவிடுங்கள். மற்றபடி பெரியவர்கள் கை வைக்காமலிருப்பது நல்லது. கடையில் விற்கும் 'நீயே செய்' பெட்டிகளில் துளை போட்டே வருகிறது. நடுவைத் தேடும் வேலை பிள்ளைக்கு மிஞ்சுவதே இல்லை.

அடுத்த வாரம் பூவரசம் இலைப் பீப்பி என்று அறிவித்திருக்கிறீர்கள். முற்றிய இலை சுருட்டினால் விரிந்துகொள்ளும், கொழுந்து ஊதும்போது ஒட்டிக்கொள்ளும். நடுத்தர இலை, ஊதும் முனையை விரலால் லேசாக அமுக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தூத்துக்குடி மாவட்டம்