ஐந்து பெயர்கள் போதாது: விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

ஒரு கதை வாசகரை எந்தெந்த வழிகளில் இழுத்துச் செல்கிறது என்பதை பிரெஞ்சு விமர்சகர் ரோலான் பார்த் ஐந்து 'குறியீடுகளாக'ப் பிரித்தார். தியரித் தாளில் அவற்றைப் பற்றிக் கேட்கிறோம். அந்த ஐந்தையும் மூச்சு விடாமல் ஒப்பிக்கும் மாணவரிடம் ஒரு காட்சியைப் போட்டுக் காட்டி, "சஸ்பென்ஸ் எந்த ஷாட்டில் தொடங்குகிறது?" என்று கேட்டுப் பாருங்கள். திணறுவார். பார்த் வேலை செய்த விதமே வேறு. 1970இல் வந்த நூலில் பிரெஞ்சு எழுத்தாளர் பால்சாக்கின் ஒரே கதையை 561 துண்டுகளாக வெட்டி, துண்டுக்குத் துண்டு எந்தக் குறியீடு இயங்குகிறது என்று பார்த்தார். பெயர்களை விட அந்த வெட்டுதான் பாடம்.

செய்முறைக்கு 1954இல் வந்த 'அந்த நாள்' என்ற தமிழ்ப் படம் போதும். பாட்டே இல்லாத படம். கதாநாயகன் சுடப்பட்டுச் சாய்வதில் தொடங்குகிறது. புதிர் அங்கேயே விழுந்துவிடுகிறது. பிறகு வரும் ஃபிளாஷ்பேக்குகள் விடைபோலத் தோன்றி, சந்தேகத்தை அடுத்தவர்மேல் தள்ளிவிடுகின்றன. (சுட்டது யார் என்று இங்கே சொல்வதாக இல்லை.) தொடக்கத்தையும் ஒரு ஃபிளாஷ்பேக்கையும் எடுத்து, ஷாட் எண், நேரம், பார்வையாளர் மனதில் நிற்கும் கேள்வி, அதன் நிலை என நான்கு கட்டங்கள் கொண்ட அட்டவணையாக எழுதச் சொல்லுங்கள். கேள்வி எழுந்ததா, திசை திரும்பியதா, முட்டி நின்றதா, பாதி விடை வந்ததா, புதிர் உடைந்ததா என்பதே நிலை.

முதல் பிழை இங்கேதான் வரும். தாழ்ப்பாள்மேல் கை போவது செயல் குறியீடு: அடுத்து என்ன நடக்கும் என்று காத்திருக்க வைப்பது. உள்ளே இருப்பது யார் என்பது புதிர்க் குறியீடு: விடை தேட வைப்பது. மாணவர்கள் இரண்டையும் ஒன்றாக எழுதிவிடுவார்கள். எடிட்டிங்கில் இரண்டுக்கும் மருந்து வேறு: முன்னதற்கு ஷாட்டின் நீளம், பின்னதற்குத் தகவலின் வரிசை.

மறைத்தால்தான் சஸ்பென்ஸ் என்று நினைப்பது அடுத்த பிழை. சஸ்பென்ஸ் படங்களுக்குப் பேர்போன இயக்குநர் ஹிட்ச்காக் சொன்ன கணக்கு தெரிந்ததே: மேசைக்கடியில் குண்டு இருப்பது நமக்குத் தெரியாவிட்டால் 15 வினாடி அதிர்ச்சி, தெரிந்தால் 15 நிமிடப் பதைப்பு. ஒரே ஃபுட்டேஜை இரு விதமாகவும் வெட்டட்டும். குண்டைக் காட்டிவிட்டுக் கடிகாரத்தைக் காட்ட மறப்பார்கள். எப்போது வெடிக்கும் என்று தெரியாவிட்டால் பதைப்பு ஏறாது. மேசையில் நடக்கும் பேச்சும் சாதாரணமாக இருக்க வேண்டும். அங்கே கனமான வசனம் எழுதினால் காது அதன் பின்னால் போய்விடும், குண்டு மறந்துபோகும்.

பண்பு, உருவகம், பண்பாடு என மற்ற மூன்று குறியீடுகளுக்கு ஒரு வகுப்பு போதும். பார்வையாளருக்கு ஏற்கெனவே தெரிந்ததை நம்பி நிற்கும் பண்பாட்டுக் குறியீடு காலாவதியாகும் என்பதை மட்டும் சொல்லிவிடுங்கள்: கதைக்குப் பின்னணியாக, 1943இல் ஜப்பான் சென்னையில் குண்டு வீசியது தெரியாத மாணவருக்கு 'அந்த நாள்' பாதிதான் புரியும்.

ஆகவே பார்த்தின் குறியீடுகள் பற்றிய கேள்வியைத் தியரித் தாளிலிருந்து எடுத்துச் செய்முறைத் தேர்வில் வையுங்கள். ஒரு கணினி, ஐந்து நிமிட ஃபுட்டேஜ், இரண்டு மணி நேரம் கொடுங்கள்.

இப்படிக்கு,
திரைக்கதையும் எடிட்டிங்கும் கற்பிப்போர் சிலர்