பரிசு கொடுத்த பிறகு திரும்பிப் போய்ப் பார்க்கிறோமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஊர் அளவில் காலநிலைப் பணி செய்கிறவர்களைத் தேடிப்போய்ப் பாராட்டும் திட்டங்கள் பெருக வேண்டும் என்று உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். முழு மனதோடு ஏற்கிறேன். அப்படி ஒரு திட்டத்தின் வெள்ளோட்டத்தில் மதிப்பீட்டுக் குழுவில் இருந்தவன் என்பதால், கட்டுரை தொடாத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்களுக்கு வந்த விண்ணப்பங்கள் பெரும்பாலும் புகைப்படங்கள்தான். மரக்கன்று நடும் படம், பதாகை பிடித்து நிற்கும் படம். ஒன்று மட்டும் பழைய நோட்டு ஒன்றின் நகலாக வந்தது. ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது மின்மீட்டர் அளவை ஒருவர் மாதாமாதம் பேனாவால் குறித்து வைத்திருந்தார். படிக்கட்டு விளக்குகளை எல்.இ.டி.க்கு மாற்றிய மாதத்துக்கு எதிரே ஒரு கோடு. தண்ணீர் மோட்டார் ஓடும் நேரத்தைக் குறைத்த மாதத்துக்கு எதிரே இன்னொரு கோடு. அதற்குப் பிறகு எண்கள் இறங்குவது கண்ணுக்கே தெரிந்தது. ஆனால் எங்கள் மதிப்பெண் தாளில் புகைப்படத்துக்கு இடம் இருந்தது, முந்தைய ஆண்டின் அளவுக்கு இடம் இல்லை. அவருக்கு எதுவும் கிடைக்கவில்லை. இன்றும் அது எனக்கு உறுத்துகிறது.

முதல் பரிசு மரம் நட்ட குழுவுக்குப் போனது. அடுத்த கோடையில் நானே போய்ப் பார்த்தேன். கம்பிக்கூண்டுகள் வரிசையாக நின்றன. பல கூண்டுகளுக்குள் காய்ந்த குச்சிதான் இருந்தது. அந்தக் குழுவைக் குறை சொல்ல மாட்டேன். எத்தனை நட்டீர்கள் என்றுதான் கேட்டோம், எத்தனை பிழைத்தன என்று நாங்கள் கேட்கவே இல்லை.

எங்கே இடிக்கிறது என்று பார்க்கத்தானே வெள்ளோட்டம் விடுகிறோம்? ஆனால் முடிவில் எழுதிய அறிக்கையில் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், விழாவுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்குதான் இருந்தது. விண்ணப்பிக்கிறவர்கள் ஏற்கெனவே ஆர்வம் உள்ளவர்கள். அவர்கள் நன்றாகச் செய்தார்கள் என்றால், செய்யவைத்தது நம் திட்டம்தான் என்று எப்படிச் சொல்ல முடியும்? வெயில் குறைந்த ஒரு வருடத்தில் ஏசி ஓடுவது குறைந்து, மின்செலவு தானாகவே இறங்கும். அந்தப் பெருமையும் பரிசின் கணக்கில் சேர்ந்துவிடும். இதைப் பிரித்தறிய, திட்டத்தை எல்லாப் பகுதிகளிலும் ஒரே நாளில் தொடங்காமல், பாதிப் பகுதிகளில் இந்த ஆண்டும் மீதிப் பகுதிகளில் அடுத்த ஆண்டும் தொடங்கலாம். காத்திருக்கும் பகுதிகளின் அளவையும் முதல் நாளிலிருந்தே குறித்து வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க வழி கிடைக்கும். இதற்குப் பெரிய செலவும் இல்லை.

விண்ணப்பிக்காதவர்களிடமும் பேச வேண்டும். நாங்கள் தாமதமாகத்தான் பேசினோம். "மூணு நாள் வேலையை விட்டுட்டு இந்தப் படிவத்தை யாருங்க எழுதுறது?" என்று ஒரு பெண் கேட்டார். அவர் சொன்னது சரி. ஆள்பலம் உள்ள அமைப்புகளுக்குத்தான் எங்கள் படிவம் எளிதாக இருந்தது.

முன்மாதிரி இல்லாமல் இல்லை. காலநிலைக்காக ஊர்கள் தாமாக முன்வந்து ஏற்கும் மேயர்கள் உடன்படிக்கை 2008இல் ஐரோப்பாவில் தொடங்கியது. அதில் சேரும் ஊர், முதலில் தன் அடிப்படை உமிழ்வை, அதாவது ஒப்பிடுவதற்கான தொடக்க ஆண்டில் வெளியிட்ட கரியமில வாயுவின் அளவை, கணக்கிட வேண்டும். செயல்திட்டம் கொடுத்த பிறகும் முன்னேற்றத்தைத் தொடர்ந்து தெரிவிக்க வேண்டும். ஆற்றல், காலநிலைப் பணிகளில் சிறந்த ஊர்களுக்குச் சுவிட்சர்லாந்தில் தரும் 'எனர்கீஷ்டாட்' முத்திரையை நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மறுதணிக்கை செய்கிறார்கள். தூய்மை, பாதுகாப்பு போன்ற தரங்களை எட்டிய கடற்கரைகளுக்குத் தரும் நீலக்கொடி ஒரு பருவத்துக்கு மட்டும்தான். நடுவில் தரம் தவறினால் கொடியை இறக்கிவிடலாம். காலாவதித் தேதி உள்ள அங்கீகாரம்தான் பணியைத் தொடரவைக்கும் என்று நான் நம்புகிறேன்.

அப்புறம், உங்களிடமும் ஒரு வேண்டுகோள். இனி இப்படிப்பட்ட பரிசளிப்புச் செய்தியை வெளியிடும்போது, போன ஆண்டு பரிசு பெற்றவர்களின் பணி இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று நிருபரை அனுப்பிப் பார்த்து, ஒரு பத்தியாவது சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்