என் கையைப் பிடித்து நிறுத்தியவர்களுக்கு

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

அம்மாச்சியின் சிங்கர் மெஷின் ஓடுகிறது. போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு தலையணை உறையை முழுசாக அடித்து முடித்தேன். ஒரு இடத்தில்கூட நூல் அறவில்லை, தையல் விடவில்லை.

ஒவ்வொருவர் வீட்டுக்கும் வந்து தனித்தனியாகச் சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் உங்களில் பலருக்கு ஒருவரை ஒருவர் தெரியாது. பூட்டுக்கார அய்யா கடைக்கும் வெல்டிங் அண்ணன் பட்டறைக்கும் நடுவே எத்தனையோ தெரு. இந்த ஒரே மெஷினுக்காக யார் யார் என்ன செய்தீர்கள் என்று எல்லோரும் சேர்ந்து படிக்கட்டும் என்றுதான் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

அம்மாச்சி சின்னாளபட்டியில் நாற்பது வருசம் இந்த மெஷினில் தைத்தவர். தெருவில் பாதிப் பேருக்கு ஜாக்கெட், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் சட்டை, எங்களுக்குப் பாவாடை. கண் மங்கியதும் மூடியைப் பூட்டி வைத்தார். அதற்கப்புறம் இருபத்தைந்து வருசம் அது பின்கட்டில் சாக்குக்கு அடியில் கிடந்தது, மழைச்சாரல் வேறு. காயலான் கடைக்காரர் எடைக்குக் கேட்டார். இன்னொருவர், தலையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஸ்டாண்டு மேல் கண்ணாடி போட்டால் நல்ல டேபிள் ஆகும் என்று கேட்டார். பழுது பார்க்கிற கடை ஒன்றில் மூடியைத் திறக்காமலே இதற்கெல்லாம் இப்போது ஸ்பேர் வராது என்று அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுதேன்.

மூடியின் சாவி தொலைந்து போயிருந்தது. ஸ்குரூ டிரைவரை விட்டு நெம்பிவிடலாம் என்று இருந்தேன். திண்டுக்கல் நாகல்நகர்ப் பக்கம் பூட்டுச் செய்யும் அய்யாவிடம் போகச் சொன்னது அம்மா. அய்யா, நீங்கள் அந்த மரமூடியை மடியில் வைத்துக்கொண்டு சாவித் துளைக்குள் வெகுநேரம் பார்த்தீர்கள். "இதை நெம்புனா பூட்டு போகாதும்மா, மரந்தான் பிளக்கும்" என்றீர்கள். வளைத்துச் செய்த பலகை அது. இன்றைக்கு அப்படி ஒன்று செய்து வாங்க எங்கே போவது? ஒரு துண்டுக் கம்பியை அரத்தில் ராவி ராவி, மூன்றாவது தடவை நுழைத்தபோது பூட்டு திறந்துகொண்டது. உள்ளே பாபின் ஒன்றில் பாதிக்கு மேல் கரும்பச்சை நூல் சுற்றியபடியே இருந்தது. அந்த நூலை நான் எடுக்கவில்லை, பாபினை அப்படியே டிராயரில் வைத்திருக்கிறேன்.

டெய்லர் அய்யா, உங்களுக்கு எழுத வேண்டியதுதான் அதிகம்.

கைச்சக்கரம் ஒரு மயிரிழைகூட அசையவில்லை. மரச்சுத்தியால் ஒரு தட்டுத் தட்டினால் விட்டுக்கொடுக்கும் என்று நினைத்து, சுத்தியும் கையுமாகத்தான் உங்கள் கடைக்கு வந்தேன். நீங்கள் சுத்தியை வாங்கி உங்கள் மேசைக்கு அடியில் வைத்தீர்கள். "இறுகுனதை அடிக்கக் கூடாது, ஊற விடணும்." பக்கத்துத் தகட்டைக் கழற்றி உள்ளே காட்டினீர்கள். மெஷின் எண்ணெய் தீர்ந்த நாளில் வீட்டில் இருந்த தேங்காய் எண்ணெயை விட்டிருக்கிறார்கள். அது வருசக்கணக்கில் கெட்டிப்பட்டு, கருப்பட்டிப் பாகு காய்ந்த மாதிரி ஊசிக்கம்பியைச் சுற்றி அப்பியிருந்தது. கிட்டப் போனாலே காறல் வாடை.

அதற்கப்புறம் நீங்கள் சொன்ன ஒழுங்கில் ஐந்து நாள். காலையில் அரைமணி நேரம் வெயிலில் வைப்பது, உள்பாகங்களுக்கு மட்டும் மண்ணெண்ணெயைத் துளித்துளியாக விடுவது, துடைத்துவிட்டுத் திரும்ப மெஷின் எண்ணெய். அப்புறம் சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்ப்பது, அழுத்தாமல். ஐந்தாம் நாள் காலை அது ஒரு நெல் அளவு நகர்ந்தது. நான் போட்ட சத்தத்தில் அம்மா அடுப்பை விட்டு ஓடி வந்தார். அன்று சாயங்காலமே நீங்கள் வீட்டுக்கு வந்து, ஊசிக்கு அடியில் நூலைக் கொக்கி போட்டுப் பிடிக்கும் ஷட்டிலைக் கழற்றினீர்கள். அது ஆடுகிற குழிக்குள் நூல் பிசிறுகள் சுருண்டு அடைத்திருந்தன. சின்ன இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து வெள்ளைத் துணியில் வைத்தீர்கள்: மஞ்சள், ஊதா, பள்ளிக்கூட நீலம். கடைசிப் பிசிறு வந்ததும் சக்கரம் முழுசாக ஒரு சுற்றுச் சுற்றியது. ஸ்பேர் வராது என்று சொன்ன மெஷினில் உங்கள் கடை உஷா மெஷினின் பாபினையும் பாபின் கேஸையும் போட்டுக் காட்டினீர்கள், கச்சிதமாக உட்கார்ந்தது. இரண்டும் ஒரே அமைப்பு, சிங்கரின் 15ஆம் வகை. அதே பாபினும் ஊசியும் இன்றைக்கும் எந்தத் தையல் சாமான் கடையிலும் கிடைக்கின்றன. பழைய மெஷின் வைத்துக்கொண்டு ஸ்பேருக்குப் பயப்படுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹார்டுவேர் கடை அண்ணாச்சி, கேட்ட பொருளைத் தராமல் என்னை அனுப்பியது நீங்கள் ஒருவர்தான். மெஷின் தலையில் இருந்த அழுக்கைத் துடைக்கத் தின்னர் கேட்டேன். எதற்கு என்று கேட்டுவிட்டு, "தங்கப்பூ எல்லாம் பஞ்சோட வந்துரும்மா" என்று பாட்டிலை உள்ளே வைத்துவிட்டீர்கள். அந்தக் கறுப்பின் மேல் இருக்கும் பளபளப்பு அரக்கு வார்னிஷ், ஸ்பிரிட்டோ தின்னரோ பட்டால் கரைந்துவிடும், கீழே இருக்கும் தங்க வேலைப்பாடும் சேர்ந்து போய்விடும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். பஞ்சில் மெஷின் எண்ணெய் தொட்டு, ஒரு உள்ளங்கை அளவு இடத்துக்கு ஒரு சாயங்காலம் என்று துடைத்தேன். பழுப்பு அழுக்கு போகப் போகத் தங்கக் கொடிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. முன் விளிம்பில் மட்டும் ஒரு சாண் நீளத்துக்குப் பூவே இல்லை, வெறும் கறுப்பு. அம்மாச்சியின் கையும் துணியும் உரசி உரசித் தேய்ந்த இடம். புது ஸ்டிக்கர் ஒட்டலாம் என்று சிலர் சொன்னார்கள். அந்த இடம் அப்படியேதான் இருக்கும்.

மிதியில் குறுக்கே ஒரு விரிசல் இருந்தது. வெல்டிங் அண்ணன், நீங்கள் நினைத்திருந்தால் பத்து நிமிசத்தில் ராடு வைத்து ஒட்டிக் காசு வாங்கியிருக்கலாம். "இது வார்ப்பு இரும்பு, சாதா ராடு வச்சா ஒட்டுன இடத்துக்குப் பக்கத்துலேயே விட்டுரும்" என்று சொல்லி, பித்தளைப் பற்றுவைக்கத் தெரிந்த பெரியவரிடம் உங்கள் வண்டியிலேயே கூட்டிப்போனீர்கள். அந்தப் பெரியவர் மிதியை மெதுவாகச் சூடேற்றி, பித்தளையை உருக்கி விரிசலில் இறக்கி, சாம்பலுக்குள் புதைத்து ராத்திரி முழுக்க ஆறவிட்டார். சட்டென்று குளிர்ந்தால் திரும்ப வெடிக்கும் என்றார். இப்போது மிதிக்கும்போது காலுக்கு அடியில் ஒரு மஞ்சள் கோடு தெரிகிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது.

பஸ் ஸ்டாண்டு பக்கம் செருப்புத் தைக்கும் அண்ணனுக்கும் நன்றி. தோல் பெல்ட்டை அளந்து, இழுத்துப் பார்த்து, கொக்கி மாட்டிக் கொடுத்தீர்கள். புதுத் தோல் இளகும், ஒரு மாதம் கழித்து அரை அங்குலம் வெட்டித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறீர்கள். வருவேன்.

எல்லாம் மாட்டியாயிற்று, மிதித்தால் தையல் விழவில்லை. ஊசி துணியில் ஓட்டை போட்டுக்கொண்டே போகிறது, கீழ்நூல் மேலே வரவில்லை. ஷட்டில் ஊசியைச் சந்திக்கும் நேரம்தான் தப்பு என்று முடிவு செய்து, அடியில் உள்ள திருகை இளக்கப் போனேன். அந்த நேரம் பார்த்து வந்தது பெரியத்தை. "அதைத் தொடாத. முதல்ல ஊசியைப் பாரு." ஊசியைத் திருப்பி மாட்டியிருந்தேன். இந்த மெஷினில் ஊசியின் தட்டைப் பக்கம் இடது புறம் இருக்க வேண்டும், நூலை வலமிருந்து இடமாகக் கோக்க வேண்டும். அத்தை, நீங்கள் மாற்றி மாட்டி, கைச்சக்கரத்தை உங்கள் பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றினீர்கள். கீழ்நூல் வளைந்து மேலே வந்தது. நான் அந்தத் திருகை இளக்கியிருந்தால் அப்புறம் எத்தனை நாள் ஆகியிருக்குமோ. பாபினில் நூல் சுற்றும்போது ஊசி நிற்பதற்காகச் சக்கரத்துக்கு நடுவே உள்ள திருகை இளக்கினாலும், அது நிற்காமல் ஓடிக்கொண்டிருந்ததே? உள்ளே இருக்கும் மூன்று காது வாஷரை அரைச் சுற்றுத் திருப்பிப் போட்டு அதையும் சரி செய்தது நீங்கள்தான். அம்மாச்சி உங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததை நீங்கள் எனக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள்.

காந்திகிராமம் என்ற கிராமத் தொண்டு நிறுவனத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற வாத்தியார் அய்யா மெஷினைப் பார்க்க வந்தது எனக்குப் பெரிய சந்தோசம். தகட்டில் இருந்த எண்ணைப் படித்து, 'ஒய்' எழுத்தில் தொடங்குவதால் ஸ்காட்லாந்தின் கிளைடுபேங்கில் செய்தது, 1920களிலிருந்து 1930களின் நடுப்பகுதிக்குள் இருக்கும் என்று சொன்னீர்கள். அந்தத் தொழிற்சாலை 1980இல் மூடப்பட்டது, பக்கத்து ரயில் நிலையத்துக்கு மட்டும் இன்றும் சிங்கர் என்றே பெயர். அப்புறம் நீங்கள் சொன்னதை நான் மறக்கவே மாட்டேன். 1924இல் டெல்லியில் ஜி. ராமச்சந்திரன் காந்தியிடம், எல்லா இயந்திரங்களுக்கும் நீங்கள் எதிரியா என்று கேட்டார். மனிதனின் கைகால்களை முடக்கிப்போடும் இயந்திரம் கூடாது என்ற காந்தி, விதிவிலக்காக முதலில் சொன்னது சிங்கர் தையல் மெஷினைத்தான். அப்படிக் கேட்ட அதே ராமச்சந்திரன்தான் பிறகு 1947இல், தன் மனைவி சௌந்திரம் அம்மாவோடு, எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே காந்திகிராமத்தைத் தொடங்கினார். சின்ன வயதிலிருந்து அந்த வாசலைத் தாண்டித்தான் பஸ்ஸில் போகிறேன். எங்கள் வீட்டுப் பின்கட்டுக்கும் அந்த வாசலுக்கும் இப்படி ஒரு தொடர்பு இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

அம்மாவின் பழைய சுங்குடிச் சேலை இரண்டில் உங்கள் எல்லோருக்கும் தலையணை உறை தைத்துக்கொண்டிருக்கிறேன். நாலு முடிந்துவிட்டது. பித்தளைப் பற்றுவைத்த பெரியவரின் வீடு மட்டும் எனக்குத் தெரியாது, வெல்டிங் அண்ணன்தான் கூட்டிப்போக வேண்டும். கிழிந்தது, ஓரம் பிரிந்தது என்று ஏதாவது இருந்தால் எடுத்து வையுங்கள், வரும்போது வாங்கிக்கொள்கிறேன்.

டெய்லர் அய்யா, உங்கள் மூக்கு நீண்ட எண்ணெய்க் குப்பி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. என் சுத்தி உங்கள் மேசைக்கு அடியில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை குப்பியைக் கொண்டுவந்து தருகிறேன். சுத்தி அங்கேயே இருக்கட்டும்.

அன்புடன்,
அம்மாச்சியின் பேத்தி,
சின்னாளபட்டி