கொரங்காட்டுக்கு யூரியா எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வார வேளாண் பக்கத்தில் மேய்ச்சல் பற்றிய கட்டுரையின் கடைசிப் பத்தியில், கொரங்காட்டில், அதாவது வேலி அடைத்து மழையை நம்பி விட்டிருக்கும் மேய்ச்சல் நிலத்தில், மழை ஈரத்தோடு ஏக்கருக்கு ஒரு மூட்டை யூரியா வீசினால் புல் நன்றாக வரும், நிலமும் வளமாகும் என்று போட்டிருந்தீர்கள். புல் வரும், அதில் எனக்குத் தகராறு இல்லை. நிலம் வளமாகும் என்றீர்களே, அதைப் படித்ததில் இருந்து மனசு ஆறவில்லை.

காங்கயம் பக்கம் தலைமுறையாகக் கொரங்காடு வைத்திருக்கும் குடும்பம் எங்களுடையது. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே வெள்வேல மரம், தரையில் கொழுக்கட்டைப் புல். ரோட்டில் இருந்து பார்த்தால் ஒரே புல் மாதிரிதான் தெரியும். உள்ளே வந்து குத்தவைத்து உட்கார்ந்து புல் தூரை விலக்கிப் பாருங்கள், செப்புநெருஞ்சி தரையோடு ஒட்டிப் படர்ந்திருக்கும், நரிப்பயத்தங்கொடி தூருக்குத் தூர் தாவியிருக்கும். செம்மறி மூக்கால் புல்லை ஒதுக்கிவிட்டு முதலில் தேடுவது இவற்றைத்தான். இந்தப் பயறு வகையெல்லாம் வேர் முடிச்சு வழியாகக் காற்றில் இருந்தே தழைச்சத்தை (நைட்ரஜனை) எடுத்துக்கொள்கிறவை, அதனால்தான் ஒன்றும் போடாத மண்ணில் புல்லோடு சரிக்குச் சரி நிற்கின்றன. யூரியாவைக் கொட்டிவிட்டால் புல் மட்டும் கிடுகிடுவென்று எழும்பி வெயிலை மறைத்துக்கொள்ளும், அடியில் இருப்பது வெளிச்சம் இல்லாமல் வெளிறிச் சாகும்.

எங்கள் வேலிக்கு அந்தப் பக்கத்துக் காட்டில் உரக்கடையில் சொன்னார்கள் என்று தொடர்ந்து சில வருஷம் போட்டார்கள். ஆரம்பத்தில் கண்ணை எடுக்க முடியாத பச்சை. 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தபோது எங்கள் காட்டிலும் புல் கருகியது, ஆனால் ஒன்று கருகும்போது இன்னொன்று கொஞ்சம் தாங்கியது, ஆடுகளுக்குக் கொறிக்க ஏதோ இருந்தது. அங்கே வேலி வரைக்கும் வெறும் மண். வெள்வேலங்காய் உதிர்கிற வரைக்கும் அவர்கள் தீவனம் விலைக்கு வாங்கினார்கள்.

ஒரு காட்டைப் பார்த்துவிட்டுப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் 1856-இல் தொடங்கி இன்றுவரை நடக்கும் புல்வெளிச் சோதனை தாங்கள் அறியாததல்ல. உரமே போடாத பாத்திகளில் இன்றைக்கும் நாற்பதுக்குப் பக்கம் செடி இனங்கள். வருஷாவருஷம் அம்மோனியம் சல்பேட் என்கிற தழைச்சத்து உரம் வாங்கி, புளிப்பைத் தணிக்கும் சுண்ணாம்பும் கிடைக்காத பாத்திகளில் மண் புளித்து அமிலமாகிப்போய் இரண்டு மூன்று இனம்தான் மிச்சம். எங்கள் பக்கத்து மண் அவ்வளவு சீக்கிரம் புளிக்காது என்பீர்கள். சரி, வெளிச்சம் பறிபோக மண் புளிக்க வேண்டியதே இல்லையே. சூரிச் பல்கலைக்கழகத்தார் உரம் போட்ட புல்லுக்கு அடியில் விளக்கு வைத்து வெளிச்சம் கொடுத்துப் பார்த்தார்கள், கீழே இருந்த செடிகள் பிழைத்துக்கொண்டன. 2009-இல் வெளியான ஆய்வு அது.

அமெரிக்காவில் மினசோட்டாவின் சீடர் க்ரீக் ஆய்வு நிலத்தில் சூழலியல் ஆய்வாளர் டேவிட் டில்மன் குழுவினர் 1982-இல் இருந்து புல்வெளிக்குத் தழைச்சத்து போட்டுப் பார்த்தவர்கள். 1988 வறட்சியில், உரத்தால் செடி வகை குறைந்துபோன பாத்திகள்தான் மோசமாக அடி வாங்கின, தேறி வரவும் அவற்றுக்குத்தான் அதிக நாள் பிடித்தது. ஹெக்டேருக்கு வருஷம் 10 கிலோ தழைச்சத்து போட்டதற்கே 17 சதவீத இனங்கள் குறைந்தன. உங்கள் கணக்கைப் பாருங்கள்: 45 கிலோ மூட்டையில் 46 சதவீதம் தழைச்சத்து, ஏக்கருக்கு ஒரு மூட்டை என்றால் ஹெக்டேருக்கு 50 கிலோவுக்கு மேல். அங்கே பத்து வருஷம் நிறைய உரம் வாங்கிய பாத்திகளில், நிறுத்தி இருபது வருஷம் ஆன பிறகும் போன இனங்கள் திரும்பவில்லை. ஒரு தடவை போட்டுப் பார்ப்போம், பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம் என்கிற காரியமா இது?

அப்புறம், மனசில் கிடப்பதையும் சொல்லிவிடுகிறேன். சோலார் தகடு போட நிலம் தேடுகிறார்கள் என்ற செய்தியில் எங்கள் கொரங்காடுகளைத் 'தரிசு' என்று எழுதியது உங்கள் பத்திரிகைதான். உயிருள்ள கிளுவை வேலியைப் பிடுங்கிக் கம்பி வேலி போட்டவரை முன்னோடி என்று படத்தோடு பாராட்டியதும் நீங்கள்தான். அப்போது நான் எழுதிய கடிதம் வரவே இல்லை, காரணமும் சொல்லவில்லை. எங்கள் அய்யன் காலத்தில் இருந்து வீட்டில் வாங்கும் பத்திரிகை என்பதால்தான் திரும்பவும் எழுதுகிறேன். காங்கயம் மாட்டைப் பொங்கல் மலரில் அட்டையில் போடுகிறீர்கள், ரொம்ப சந்தோஷம். அது எதைத் தின்று அப்படி நிற்கிறது என்று கட்டுரை எழுதியவர் ஒரு தடவை நேரில் வந்து பார்த்திருக்கக் கூடாதா?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அந்த யூரியா அளவு தண்ணீர் பாய்ச்சி வளர்க்கும் கம்பு நேப்பியர் மாதிரித் தீவனப் பயிருக்குத்தான், மானாவாரிக் கொரங்காட்டுக்கு அல்ல என்று அதே பக்கத்தில் நாலு வரி போடுங்கள். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் போட்டால் நல்லது, மூட்டை வாங்கி அடுக்கியிருப்பவர்கள் அப்போதுதான் வீசுவார்கள்.

இப்படிக்கு,
கொரங்காட்டு விவசாயி,
காங்கயம் வட்டம்