தாகமே எடுக்காத ஊர்

அன்புள்ள அம்மாவுக்கு,

போன வாரம் முழுக்க போனில் "குரல் ஏன் இப்படி இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். நானும் வேலை அதிகம் என்று மழுப்பினேன். நீ எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாய், பக்கத்தில் அப்பா இருப்பார். அங்கே எப்படி இதைச் சொல்வது? அதனால்தான் கடிதம். பயப்படாதே, இப்போது சரியாகிவிட்டது. எனக்கு நீர்க்கடுப்பு வந்திருந்தது.

சிரிக்காதே. வெயில் காலத்து நோய் என்றுதானே நானும் நினைத்திருந்தேன். இங்கே வெளியில் பனி உறைந்து கிடக்கிறது, உள்ளே நாள் முழுக்க ஹீட்டர் ஓடுகிறது. வந்து நான்கு மாதத்தில் ஒரு நாள்கூட வியர்க்கவில்லை. வியர்க்காததால் தாகமும் இல்லை. காலையில் நிரப்பிக் கொண்டுபோகிற பாட்டில் சாயங்காலம் முக்கால்வாசி அப்படியே வீட்டுக்குத் திரும்பி வரும். செலவாகாத தண்ணீரை எதற்குக் குடிக்க வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

செலவாகத்தான் செய்கிறது. தெருவில் பேசிக்கொண்டு நடந்தால் வாயிலிருந்து புகை மாதிரி வருமே, அது நம் உடம்பின் தண்ணீர்தான். ஹீட்டர் காற்றும் வறண்ட காற்று. இதைவிட வேடிக்கை ஒன்று இருக்கிறது. குளிரில் தோலுக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்கிக்கொள்ளும். ரத்தமெல்லாம் உள்பக்கம் திரண்டதும், தண்ணீர் மிஞ்சிவிட்டது என்று உடம்பு தப்புக்கணக்குப் போடும். தாகத்தை அடக்கி, இருப்பதையும் சிறுநீராக வெளியே அனுப்பும். குளிரில் அடிக்கடி ஒன்றுக்கு வருவது அதனால்தான்.

அங்கேதான் என் இரண்டாவது முட்டாள்தனம். புது வேலை, புது ஆட்கள். மணிக்கு ஒரு தரம் எழுந்து அந்த நீளமான ஹாலைக் கடந்து போக எனக்குக் கூச்சம். அதனால் அடக்கிவைத்தேன். அடக்க முடியாமல் போய்விடக் கூடாதே என்று, குடித்த கொஞ்சத்தையும் குறைத்துக்கொண்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஆரம்பித்தது. போகும்போது எரிச்சல், அடிவயிற்றில் பிடித்து இழுக்கிற மாதிரி வலி. போய்விட்டு வந்து உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் மறுபடியும் முட்டும், ஓடினால் நாலு சொட்டு. நிறம் மங்கலாக, கலங்கலாக இருந்தது. தண்ணீர் குடித்தால் சரியாகிவிடும் என்று ஒரே மூச்சில் செம்பு செம்பாகக் குடித்தேன். கொஞ்சம் இதமாக இருந்தது, ராத்திரி திரும்பவும் அதே கதை. விடிய விடிய குளியலறைத் தரையில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு உன் ஞாபகம் ரொம்ப வந்தது.

மறுநாள் டாக்டரிடம் போனேன். இந்த ஊர்ப் பாஷையில் 'வலி'க்கு வார்த்தை தெரியும், 'எரிச்சல்' தெரியாது. தெரிந்ததை வைத்து "எனக்கு நெருப்பு" என்றேன். வரவேற்பில் இருந்த பெண் ஒரு நொடி திகைத்துவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டு, எதுவும் கேட்காமல் ஒரு சின்ன டப்பாவை நீட்டினாள். உலகம் முழுக்கப் பெண்களுக்கு இது தெரியும் போலிருக்கிறது. முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டுமாம். அதில் ஒரு காகிதப் பட்டையை நனைத்தார்கள், சில கட்டங்கள் நிறம் மாறின. கிருமித் தொற்று என்றார் டாக்டர்.

பெரும்பாலும் நம் குடலிலேயே குடியிருக்கும் ஈ கோலை என்கிற கிருமிதான் இடம் மாறிப் போய் இந்த வேலையைச் செய்கிறதாம். பெண்களுக்குச் சிறுநீர் வெளியே வரும் குழாயின் நீளம் சுமார் 4 சென்டிமீட்டர்தான், ஆண்களுக்கு 20 வரை இருக்கும். கிருமிக்கு நம் வாசலிலிருந்து நடுக்கூடம் ரொம்பக் கிட்டே. அதைத் திரும்பத் திரும்பக் கழுவிவிடுவதுதான் சிறுநீரின் வேலை. சிறுநீரகம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 180 லிட்டர் வடிகட்டி, ஒன்றரை இரண்டு லிட்டர் போக மீதியைத் திருப்பி ரத்தத்துக்கே அனுப்பிவிடுகிறது. நான் குடிக்காமல் விட்டதால் அந்த ஒன்றரையும் சுண்டி, அதையும் மணிக்கணக்கில் உள்ளேயே தேக்கிவைத்தேன். கிருமிக்கு வேறென்ன வேண்டும்?

ஐந்து நாள் மாத்திரை கொடுத்தார். இரண்டாம் நாளே எரிச்சல் போய்விட்டது, மீதியை எறிந்துவிடலாமா என்று கை துறுதுறுத்தது. கிருமி மிச்சமிருந்தால் திரும்ப வரும் என்று சொல்லியிருந்ததால் முழுதாக முடித்தேன். நடுவில் சிறுநீர் பழுப்பு நிறத்தில் போனதைப் பார்த்து அலறிவிட்டேன். மாத்திரையின் நிறம்தான், உள்ளே இருந்த தாளிலேயே போட்டிருந்தது. நான்தான் படிக்கவில்லை.

தண்ணீரைப் பற்றி அவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. தொற்று வேர்பிடித்த பிறகு தண்ணீர் மருந்தாகாது, வருவதற்கு முன்னால்தான் அதற்கு மதிப்பு என்றார். 2018இல் ஓர் ஆய்வு வந்திருக்கிறது. அடிக்கடி இந்தத் தொற்று வருகிற, தண்ணீர் குறைவாகக் குடிக்கிற 140 பெண்களில் பாதிப் பேரை வழக்கத்தைவிட ஒன்றரை லிட்டர் அதிகம் குடிக்க வைத்தார்கள். ஒரு வருடத்தில் அவர்களுக்குச் சராசரியாக 1.7 முறை வந்தது, மற்றவர்களுக்கு 3.2 முறை. வெறும் தண்ணீரில் இவ்வளவு! அதற்காக நான் செய்த மாதிரி மொத்தமாகக் கவிழ்த்துக்கொள்ளக் கூடாது. அளவு மீறினால் ரத்தத்தில் உப்பு இறங்கி ஆபத்தாகிவிடும்.

இப்போது மேசையில் பாட்டில் கண்ணெதிரே இருக்கிறது, தாகத்துக்குக் காத்திருப்பதில்லை. சிறுநீர் வெளிர் வைக்கோல் நிறத்தில் இருந்தால் சரி. அப்புறம், அந்த ஹாலைக் கடந்து போகிறவளை யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. நான்கு மாதம் வீணாகக் கூச்சப்பட்டேன்.

இனி உன் விஷயம். ராத்திரி எழுந்திருக்க வேண்டும் என்று சாயங்காலத்திலிருந்தே தண்ணீரைத் தொடாமல் இருக்கிறாய் இல்லையா? பகலில் சேர்த்துக் குடி, படுக்கும் நேரத்தில் குறைத்துக்கொள். மாதவிடாய் நின்ற பிறகு அந்த இடம் வறண்டுபோய்த் தொற்றே இல்லாமலும் எரியுமாம். எல்லா எரிச்சலும் கிருமி இல்லை, கல் இருந்தாலும், சோப்பு ஒத்துக்கொள்ளாவிட்டாலும் எரியும். பழைய மாத்திரையைத் தேடி எடுத்துப் போடாமல் பரிசோதித்துப் பார். காய்ச்சல், குளிர்நடுக்கம், விலாப்பக்கம் வலி, வாந்தி, சிறுநீரில் ரத்தம், இதில் எது வந்தாலும் அன்றைக்கே போய்விடு, மறுநாள் என்று தள்ளாதே. அப்பாவுக்கு இதயத்துக்காக டாக்டர் தண்ணீருக்கு அளவு வைத்திருக்கிறார், என் பேச்சைக் கேட்டு அதை ஏற்றிவிடாதே.

ராத்திரி எத்தனை தரம் எழுந்திருக்கிறாய் என்று பதிலில் எழுது. போனில் கேட்டால் "அதெல்லாம் ஒன்றுமில்லை" என்பாய்.

உன் மகள்